‘மீது 12 வழக்குகள்’: அந்தக் கணக்கு ஏறுவது எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட சென்னையின் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, காசிமேடு என்ற பெயர்கள் உங்கள் நாளிதழின் குற்றச் செய்திகளில் வரும்போது, கூடவே ஒரு வரியும் தவறாமல் வருகிறது: ‘சரித்திரப் பதிவேடு குற்றவாளியான இவர் மீது வழிப்பறி, கொலை முயற்சி உள்பட 12 வழக்குகள் நிலுவையில் உள்ளன.’ சரித்திரப் பதிவேடு என்பது போலீஸ் ஒருவரைக் கண்காணிக்க வைத்திருக்கும் கோப்பு. படிக்கிறவருக்கு அந்த வரி பன்னிரண்டு முறை செய்த குற்றம். ஜார்ஜ் டவுன், எழும்பூர் நீதிமன்றங்களில் அந்த வழக்குக் கட்டுகளைப் பிரித்து வாதாடும் வழக்கறிஞர்களான எங்களுக்கு அது அப்படித் தெரிவதில்லை. சில அவன் செய்தவை, மறுப்பதற்கில்லை. மற்றவை முதல் வழக்கை நாம் கையாண்ட விதத்தில் பிறந்தவை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒருவன் ஏன் குற்றம் செய்கிறான் என்று கேட்டால், வட சென்னைக்கென்றே எல்லோரும் ஒரு பதிலைக் கைவசம் வைத்திருக்கிறார்கள்: வறுமை. வேலை போனது உண்மைதான். பின்னி மில் என்று ஊர் சொல்லும் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996-இல் மூடியது. துறைமுகத்தில் சரக்கு கன்டெய்னருக்கு மாறியதும், 2011-இல் நீதிமன்ற உத்தரவால் நிலக்கரி, இரும்புத்தாது கையாள்வது நின்றதும் கூலி ஆட்களின் தேவையைக் குறைத்தன. அப்பா ஒரு வார்த்தை சொன்னால் மகன் உள்ளே போய்விடலாம் என்றிருந்த வேலைகள் அவை. ஆனால் வறுமை ஒன்றே காரணம் என்றால் கணக்கு உதைக்கிறது. அதே ஹவுசிங் போர்டு பிளாக்கில், அதே தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்து வளர்ந்த பையன்களில் பெரும்பாலோர் பெயின்டிங், ஏ.சி. மெக்கானிக், டெலிவரி, மீன் ஏலம் என்று வேலைக்குப் போகிறார்கள். தப்புக்குப் போகிறவர்களிலும் பலர் பதினாறு பதினேழு வயதில் ஆரம்பித்து, இருபத்தைந்தைத் தாண்டும்போது தாமாகவே விட்டுவிடுகிறார்கள். இது எங்கள் பகுதிக்கு மட்டுமல்ல. பல நாட்டுக் குற்றவியல் ஆய்வுகள் ஏறக்குறைய ஒரே மாதிரி சொல்வது. கல்யாணமும் நிலையான கூலியும் அமைந்து, பழைய சேர்க்கையும் விட்டுப்போனால் விட்டுவிடுகிறார்கள். ஆகவே ஏன் செய்தான் என்பதைவிட ஏன் விடமுடியவில்லை என்று கேட்பதே எங்களுக்குப் பயனுள்ளதாகப் படுகிறது.

முதல் வழக்கு பெரிதாக இருப்பது அபூர்வம். பைக்கில் இருவர், ஒருவன் ஓட்ட, பின்னால் இருப்பவன் செல்போனைப் பறிப்பான். அல்லது ‘இன்னாடா மொறைக்கிற’ என்று தெருமுனையில் ஆரம்பித்து பீர் பாட்டிலில் முடியும் ஏரியாத் தகராறு. அல்லது கஞ்சாப் பொட்டலம். இப்போது கத்தியோடு ரீல்ஸ் போட்டு ஆயுதச் சட்டத்தில் மாட்டுவதும் சேர்ந்திருக்கிறது. அந்தக் கத்தி யார் மேலும் பட்டிருக்காது, கெத்துக்காகப் பதினைந்து நொடி பிடித்திருப்பான். செல்போன் பறிப்பில் ஒரு வேடிக்கை உண்டு. பறித்தவன் புழல் சிறைக்குப் போவான். பில் இல்லாமல் வாங்கிய கடைக்காரர் பல வழக்குகளில் சாட்சியாக வந்து நிற்பார். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 317-ஆவது பிரிவின்படி தனிக் குற்றம். வாங்க ஆளில்லாத பொருளைப் பறிக்க ஆள் வரமாட்டான். பறிகொடுத்தவர் புகார் நகலோடு மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி எண்ணை, முடக்கச் சொன்னால், எந்த சிம் போட்டாலும் அந்த போன் இந்தியாவில் வேலை செய்யாது. பத்து நிமிட வேலை இது. காவல் நிலையத்தில் புகார் வாங்கும்போதே செய்து கொடுத்தால் பறிக்கிறவனுக்குப் பாதி லாபம் போய்விடும்.

கைதுக்குப் பின்னால் வருவதுதான் எங்கள் விஷயம். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது, நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கலாம் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போது அது, பழைய குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 35(3) பிரிவு. வெறும் பறிப்புக்கு, அதாவது பி.என்.எஸ். 304-க்கு, உச்ச தண்டனையே மூன்று ஆண்டுதான். ஆனால் எஃப்.ஐ.ஆரில் ஒரு கத்தி ஏறிவிட்டால் அது 309 (வழிப்பறி), 311 (கொல்லும் ஆயுதத்தோடு வழிப்பறி) என்று போய்விடும். 311-இல் குறைந்தபட்சமே ஏழு ஆண்டு. கத்தி இருந்ததா இல்லையா என்பது சாட்சி விசாரணையில், சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். ரிமாண்ட், அதாவது நீதிமன்றக் காவல், மட்டும் அன்று மாலையே ஆகிவிடும்.

சில வாரங்களில் ஜாமீன் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உத்தரவில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ரூ. 10,000-க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், அதில் ஒருவர் ரத்த உறவு. புகைப்படமும் இடது கைப் பெருவிரல் ரேகையும் பத்திரத்தில் இருக்க வேண்டும். ஆதார் அல்லது வங்கிப் பாஸ்புக் நகல் வேண்டும். சட்டப் புத்தகத்தில் படிக்கும்போது இதில் ஒன்றும் கஷ்டமில்லை. வாரியக் குடியிருப்பில் இருக்கும் குடும்பத்துக்கு இது எப்படி வருகிறது என்று பாருங்கள். வீடு பாட்டி பெயரில் ஒதுக்கப்பட்டது, பாட்டி போய்ச் சேர்ந்து வருடமாகிறது, பெயர் மாற்றவில்லை. அம்மாவின் ஆதாரில் புளியந்தோப்பு முகவரி, ரேஷன் அட்டையில் பெரும்பாக்கம். அப்பா இல்லை, அல்லது இருந்தும் இல்லை. வீட்டு வரி ரசீதோ சம்பளச் சீட்டோ காட்டக்கூடிய சொந்தக்காரர், ‘கேஸ் பிரச்சனையில நம்மள இழுக்காதீங்க’ என்று ஒதுங்கிவிடுவார். பையன் உள்ளேயே இருப்பான்.

அப்போதுதான் ஏரியா அண்ணன் வருவார். வக்கீல் பீஸ் அவர் பொறுப்பு. ஷூரிட்டிக்கு, அதாவது ஜாமீன்தாரராக நிற்க, ஆள் அவரிடம் உண்டு. புழலில் கேன்டீன் கணக்கில் பணம் விழும், வாரம் தவறாமல் மனு போட்டுப் பார்க்க ஒருவன் வருவான், வீட்டில் அம்மாவுக்கு அரிசி இறங்கும். இதையெல்லாம் அவர் கணக்கு எழுதி வைப்பதில்லை. வெளியே வந்ததும் அவர் கேட்பது பணமும் அல்ல: ஒரு பார்சலைக் கொண்டு போய்க் கொடு, ஒரு வண்டியை இரண்டு நாள் உன் தெருவில் நிறுத்து, இன்னார் காலையில் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார் என்று பார்த்துச் சொல். ரவுடிக் கும்பல் ஆள் சேர்க்கும் இடம் டாஸ்மாக் வாசல் என்று பலர் நினைக்கிறார்கள். ஜாமீன் உத்தரவுக்கும் ஜாமீன் பத்திரத்துக்கும் நடுவே கிடக்கும் அந்த இரண்டு மூன்று வாரம்தான் அந்த இடம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே போகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நீதிமன்றமே நிபந்தனையைத் தளர்த்துவதைப் பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு மத்திய உள்துறை கொண்டுவந்த ஏழைச் சிறைவாசிகள் திட்டத்தில் விசாரணைக் கைதிக்கு ரூ. 40,000 வரை, தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு ரூ. 25,000 வரை தருவதாகத் தொடக்கத்தில் வரம்பு வைத்தார்கள். இடிப்பது எங்கே? பணத் திட்டம் பணம் கட்டச் சொல்லும் இடத்தில் உதவும். நீதிமன்றம் கேட்பது ஆள். ஆளும் ஒரு வழக்குக்கு இரண்டு பேர். ஐந்து வழக்கு என்றால் பத்துப் பேர். பதின்மூன்று எஃப்.ஐ.ஆர். இருந்த ஒருவரின் வழக்கில் (கிரீஷ் காந்தி, 2024 ஆகஸ்ட்) ஒரே ஜாமீன்தாரர்களைப் பல வழக்குக்கும் ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் வழி திறந்திருக்கிறது. மனுவில் அந்தத் தீர்ப்பைக் காட்டிக் கேட்டால்தான் கிடைக்கும், கேட்காமல் கிடைப்பதில்லை.

வெளியே வந்தவனுக்கு அடுத்த நிபந்தனை: தினமும் காலை 10.30-க்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. இந்த நேரத்தை யார் முதலில் எழுதினார்களோ தெரியவில்லை, வழிவழியாக அப்படியே வருகிறது. கொத்தனார், பெயின்டர், ஏ.சி. ஹெல்பர் யாராக இருந்தாலும் ஒன்பதுக்கு சைட்டில் நிற்க வேண்டும். பத்தரைக்குக் கையெழுத்துப் போட்டு, நிலைய எழுத்தரான ரைட்டர் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து, பன்னிரண்டுக்குப் போனால் மேஸ்திரி அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவார். மூன்றாம் நாள் கூப்பிடவே மாட்டார். இன்னொன்றும் உண்டு. ஒருவன் தினமும் எத்தனை மணிக்கு எந்த வழியாக வருவான் என்பது எதிர்த் தரப்புக்கும் தெரிந்துவிடுகிறது. கையெழுத்துப் போட வந்தவர், கோர்ட்டுக்கு வந்தவர் வழியில் வெட்டப்பட்ட செய்திகளை நீங்களே எத்தனையோ முறை வெளியிட்டிருக்கிறீர்கள். இரண்டு வாரம் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டபின் நிபந்தனைத் தளர்வு மனு போடலாம். வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கடிதத்தைச் சேர்த்து, மாலை 7 மணிக்கோ வாரம் ஒருமுறையோ மாற்றச் சொன்னால் நீதிபதிகள் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். குடும்பங்களுக்கு இப்படி ஒரு மனு இருப்பதே தெரியாது. கையெழுத்தை நிறுத்திவிடுவான், ஜாமீன் ரத்து மனு வரும்.

மறுகுடியமர்வு இதை மோசமாக்கியது. கால்வாய்க் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பத்தின் வழக்கு ஜார்ஜ் டவுனிலேயே இருக்கும். நடுவே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வாய்தா அன்று பத்தரைக்குப் பெயர் கூப்பிடுவார்கள். இல்லையென்றால் என்.பி.டபிள்யூ., அதாவது பிடிவாரண்ட். அந்த வாரமே வந்து, வாரண்டைத் திரும்பப் பெறச் சொல்லி ரீகால் மனு போட்டால் சாதாரணமாக முடிந்துவிடும். பயந்து ஒளிந்தால், பிடிபடும்போது ஆஜராகாததற்கே பி.என்.எஸ். 269-இல் புது வழக்கு. கணக்கில் ஒன்று கூடிவிட்டது; குற்றம் ஒன்றும் நடக்கவில்லை.

கூடுகிற வேறு வழிகளும் உண்டு. பொங்கல், குடியரசு தினம், தேர்தல் நெருங்கினால் ‘ஸ்டார்மிங் ஆபரேஷன்’ என்ற போலீஸ் தேடுதல் வேட்டை. ரவுடிப் பட்டியலில் இருப்பவர்களை ஏ பிளஸ், ஏ, பி, சி என்று பிரித்து, இரவில் கதவைத் தட்டி, பி.என்.எஸ்.எஸ். 170-இல் முன்னெச்சரிக்கைக் கைது, 126 அல்லது 129-இல் நன்னடத்தைப் பத்திரம். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 107, 110. நன்னடத்தைப் பத்திரம் தண்டனை அல்ல. ஆனாலும் பட்டியலில் ஒரு வரி. பத்திர காலத்தில் இன்னொரு வழக்கு வந்தால் மீதிக் காலம் முழுக்க உள்ளே. காவல் துணை ஆணையர்களுக்கே நிர்வாக நடுவர் அதிகாரம், அதாவது இந்தப் பத்திரத்தை வாங்கவும் மீறினால் உள்ளே அனுப்பவும் அதிகாரம், கொடுத்த 2013, 2014 அரசாணைகள் செல்லாது என்று 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிடிப்பவரே தண்டிப்பவராகவும் இருக்க முடியாது என்ற எளிய காரணம்தான். சரித்திரப் பதிவேடும் அப்படியே. அது போலீஸின் உள் ஆவணம், ஊருக்கு அறிவிக்கும் பட்டம் அல்ல என்பதையும், பின்தங்கிய, விளிம்புநிலைச் சமூகத்தினர் மேல் இயந்திரத்தனமாகத் திறக்கக் கூடாது என்பதையும் 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. 1871-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வாசனை இன்னும் இந்தப் பதிவேடுகளை விட்டுப் போகவில்லை என்று நாங்கள் சொன்னால் கோபப்படுகிறார்கள்.

பிறகு குண்டாஸ் எனும் குண்டர் தடுப்புச் சட்டம். தமிழகத்தின் 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம். விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை வைக்கலாம். காவல் ஆணையர் போடும் உத்தரவுக்கு அரசு 12 நாளில் ஒப்புதல் தர வேண்டும். காரணங்களை 5 நாளுக்குள் கைதியிடம் கொடுக்க வேண்டும். 3 வாரத்தில், உத்தரவு சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்குப் போக வேண்டும். அவர்கள் 7 வாரத்துக்குள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும். அங்கே கைதிக்காக வக்கீல் வாதாட முடியாது. உத்தரவில் இரண்டு பகுதி இருக்கும்: ‘அட்வர்ஸ் கேஸ்’ என்ற பழைய வழக்குகள், ‘கிரவுண்ட் கேஸ்’ என்ற கடைசி வழக்கு. கிரவுண்ட் கேஸ் எஃப்.ஐ.ஆரைப் பல தடவை படித்தவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். நடந்து வந்தவரை வழிமறித்து, கெட்ட வார்த்தையால் திட்டி, கத்தியைக் காட்டி, சட்டைப் பையிலிருந்த சில நூறு ரூபாயைப் பறித்தான்; தடுக்க வந்தவர்களை ‘கிட்ட வந்தா வெட்டிடுவேன்’ என்றான்; பொதுமக்கள் அலறி ஓடினர், கடைகளை மூடினர், போக்குவரத்து பாதித்தது. அந்தக் கடைசி வரிதான் உயிர்நாடி. ஒருவரிடம் பறித்தால் அது சட்டம் ஒழுங்கு. ஊரே ஓடினால்தான் ‘பொது ஒழுங்கு’, அப்போதுதான் குண்டாஸ் நிற்கும். எல்லாமே ஜோடனை என்று நாங்கள் சொல்லவில்லை. நிஜமாகவே கத்தியோடு தெருவை மிரட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் எத்தனை தெருவில், ஒரே வார்த்தைகளில், ஒரே மாதிரி ஊர் ஓடும்?

இந்த உத்தரவுகள் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவில், நாங்கள் ஹெச்.சி.பி. என்பதில், ஏராளமாக ரத்தாகின்றன. காரணங்கள் பெரும்பாலும் சின்னவை: கைதி கொடுத்த முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம், கொடுத்த நகலில் எழுத்து தெரியவில்லை, தமிழ் மொழிபெயர்ப்பு இல்லை, ஜாமீனில் வந்துவிடுவார் என்று காட்ட, சம்பந்தமில்லாத வேறு வழக்கின் ஜாமீன் உத்தரவை இணைத்தது. இந்தக் கடைசிக் காரணத்துக்கு 2011-இல் ரேகா வழக்குத் தீர்ப்பே இருக்கிறது. ரத்தாவதற்குள் சில மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் அசல் வழிப்பறி வழக்கு என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆள் உள்ளேதான் இருக்கிறான் என்பதால் அவசரம் போய்விடுகிறது. குற்றப்பத்திரிகை தாமதம், சம்மன் தாமதம், சாட்சி எங்கோ வீடு மாறிப் போகிறார். கடைசியில் அந்த வழக்கு விடுதலையாகிறது. குற்றம் செய்தவனுக்குத் தண்டனை இல்லை. செய்யாதவனாக இருந்தால் அவன் ஏற்கெனவே தண்டனை அனுபவித்துவிட்டான்.

நிலுவை எண்ணிக்கை சட்டத்திலேயே ஒரு பூட்டாக இருப்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். 479-இன்படி, முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவர் உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகக் கழித்திருந்தால் விடுவிக்க வேண்டும், மற்றவர் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது கிடையாது. சிறைக் கண்காணிப்பாளரே மனுச் செய்ய வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதே பிரிவு, ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை என்றும் சொல்கிறது. கஞ்சாப் பொட்டலமும் பிடிவாரண்ட் வழக்கும் அங்கே கொலை வழக்குக்குச் சமமாக எண்ணப்படும். 2022-இல் இந்தியச் சிறைகளில் இருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் தண்டனை பெறாதவர்கள்.

‘உங்க வீட்டு ஆளு வெட்டுப்பட்டிருந்தா இப்படிப் பேசுவீங்களா’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வட சென்னையில் வெட்டுப்படுபவரும் பறிகொடுப்பவரும் வட சென்னைக்காரர்தான். தள்ளுவண்டிக்காரர், ஆட்டோ ஓட்டுநர், காலையில் பூ வாங்கப் போகும் பெண். இந்த ஏற்பாட்டில் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது? மீட்ட போன் நீதிமன்றச் சொத்து அறையில் கிடக்கும், பி.என்.எஸ்.எஸ். 497-இல் இடைக்கால ஒப்படைப்பு மனுப் போட்டால் சில வாரத்தில் திரும்ப வாங்கலாம் என்று யாரும் சொல்வதில்லை. காயம்பட்டவருக்கு அதே சட்டத்தின் 396-இன்படி இழப்பீடு கேட்க வழி உண்டு, சட்டப் பணிகள் ஆணைக்குழுவில்; விண்ணப்பிப்பவர் குறைவு. சாட்சி சொல்ல வேண்டியவர் எதிரியின் அடுத்த சந்தில் குடியிருப்பார். மூன்று ஆண்டு கழித்து சம்மன் வரும்போது அவர் முன்பு சொன்னதை மறுக்கும் பிறழ் சாட்சியாகத்தான் நிற்பார், அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வராது. 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் ஒரு இட்லிக்கடை அம்மாவுக்கு அது எட்டியதாக நாங்கள் பார்த்ததில்லை. பாதிக்கப்பட்டவருக்கு வேண்டியது ஆறு மாதத்தில் முடியும் ஒரு விசாரணை. பிடிபட்டவனின் மாவுக்கட்டுப் போட்ட கையின் போட்டோவைக் கொடுத்து அவரைத் திருப்திப்படுத்துகிறோம். 2024 ஜூலை 5-இல் பெரம்பூரில் பகுஜன் சமாஜ் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொல்லப்பட்ட பிறகு செப்டம்பருக்குள் மூன்று என்கவுன்டர்கள் நடந்தன. இறந்தவர்களிடம் இனி யாரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. ஏவியவர் யார், பணம் எங்கிருந்து வந்தது என்பதும் அவர்களோடு போய்விடும்.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் சட்டம் வேறு. பெரிய குற்றம் அல்லாதவற்றில், பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவும் இல்லாவிட்டால், எஃப்.ஐ.ஆரே கூடாது. லாக்கப் கூடாது, 24 மணி நேரத்துக்குள் கெல்லீஸில் உள்ள இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். சின்னக் குற்றம் ஆறு மாதத்தில் முடியாவிட்டால் நடவடிக்கையே முடிந்துவிடும். நடைமுறையில் கெடுவது வயது. எஃப்.ஐ.ஆரில் ‘வயது 19’ என்று எழுதிவிட்டால் பையன் புழலுக்குப் போய்விடுவான். குடும்பம் செய்ய வேண்டியது, ஆதாரைத் தேடுவதை விட்டுவிட்டு, பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழை அன்றே மாஜிஸ்திரேட்டிடம் கொடுப்பது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு முதலில் பார்க்கச் சொல்வது அதைத்தான். அது இல்லாதபோது மாநகராட்சிப் பிறப்புச் சான்று, அதுவும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. 74-ஆவது பிரிவின்படி சிறுவனின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். ‘17 வயதுச் சிறுவன்’ என்று மட்டும் போட்டுவிட்டு, தெருவையும் அண்ணனின் பட்டப்பெயரையும் அடுத்த வரியில் போட்டால் அந்தத் தெருவுக்கு யார் என்று தெரியாதா? உங்கள் நாளிதழும் இதைச் செய்திருக்கிறது.

வேலை விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது, அதில் அப்பாவிகள்தான் அதிகம் விழுகிறார்கள். சின்ன வழக்கு: கெட்ட வார்த்தை, பொது இடத்தில் தகராறு. ‘ஒத்துக்கோ, ஃபைனைக் கட்டிட்டுப் போயிடலாம்’ என்பார்கள். ஐந்து நிமிடத்தில் முடியும். ஆனால் அது குற்றம் உறுதியான தீர்ப்பு. பிறகு போலீஸ் தேர்வு எழுதித் தேறி, சரிபார்ப்பில் அது வந்து நிற்கும். சீருடைப் பணியில் விதி இன்னும் கடுமை: சந்தேகத்தின் பலனில் விடுதலை, சாட்சி பிறழ்ந்ததால் விடுதலை என்றால் அவர் வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். ஆகவே விடுதலையாவது போதாது, தீர்ப்பு எந்த வார்த்தையில் எழுதப்படுகிறது என்பதும் முக்கியம். குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், வக்கீல் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தைக் கேட்க வேண்டும்: 3-ஆவது பிரிவில் எச்சரித்து விடுவது, 4-இல் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடுவது, 12-ஆவது பிரிவு தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. 21 வயதுக்குக் கீழே என்றால் காரணம் எழுதாமல் சிறைக்கு அனுப்பவே கூடாது என்கிறது 6-ஆவது பிரிவு. ரூ. 5,000-க்குக் கீழான முதல் திருட்டில் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை என்று புதிய பி.என்.எஸ். 303 சொல்கிறது. இவற்றைக் கேட்டு வாங்க ஒரு மணி நேர வாதம் தேவை. அபராதம் கட்ட ஐந்து நிமிடம் போதும். அதனால் அபராதம் ஜெயிக்கிறது.

கஞ்சா பற்றிச் சுருக்கமாக. ஒரு கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. சிறு அளவோடு பிடிபட்ட, போதைக்கு அடிமையான ஒருவர் அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற மையத்தில் தாமாகச் சிகிச்சைக்குச் சேர்ந்தால், போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்தே விலக்கு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு போய்விடும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள்; போதை மீட்பு உதவிக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் 64ஏ மனுவை நீதிமன்றத்தில் காண்பது அரிது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போடுகிற பழக்கம் பரவியபின் இது இன்னும் அவசரம். கைது செய்து வெளியே விட்டால் அதே ஊசியைத்தான் நான்கு பேர் பகிர்ந்துகொள்வார்கள்.

உங்களிடம் கேட்க எங்களுக்கு இரண்டு உண்டு. ‘12 வழக்குகள்’ என்று காவல் துறை தரும் குறிப்பை அப்படியே போடாமல், அதில் தண்டனையானது எத்தனை, விடுதலையானது எத்தனை, நன்னடத்தைப் பத்திரம் எத்தனை என்று உங்கள் நிருபர் ஒரு கேள்வி கேட்கட்டும். நீதிமன்றங்களின் ஈ-கோர்ட்ஸ் தளத்தில் பாதி விவரத்தைக் கால் மணி நேரத்தில் எடுத்துவிடலாம். கைதைப் பெட்டிச் செய்தியாகப் போட்டவர்கள், அந்த வழக்கின் விடுதலையை அதே பக்கத்தில் நான்கு வரி போட்டால் வேலைக்கு மனுப் போடும் பையனுக்கு வெட்டி எடுத்து வைக்க ஒன்று கிடைக்கும். இன்னொன்று, காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி அரசு செலவில் வக்கீல் உண்டு. ரிமாண்ட் அன்றைக்கே உண்டு. தொலைபேசி எண் 15100. குற்றச் செய்திப் பக்கத்தின் அடியில் தினமும் ஒரு வரியாக அந்த எண்ணை அச்சிடுங்கள். காவல் நிலைய வாசலில் நிற்கும் அம்மா ஏரியா அண்ணனைக் கூப்பிடுவதற்கு முன்னால் அதைக் கூப்பிட வாய்ப்பு உண்டு.

இப்படிக்கு,
ஜார்ஜ் டவுன், எழும்பூர் நீதிமன்றங்களில் குற்ற வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்கள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21.